பூட்டுக்குத்தான் விலை: ஃபிளிப்-அப் ஹெல்மெட் வாங்கும் முன்

மதுரையில் எந்த ஹெல்மெட் கடைக்குள் நுழைந்தும் "ஃபுல் ஃபேஸ் போட்டா மூச்சு முட்டுது, ஓப்பன் ஃபேஸுன்னா வீட்ல திட்றாங்க" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரரின் கை நேராக ஃபிளிப்-அப் அடுக்குக்குப் போகும். தாடைப் பக்கத்தைத் தூக்கிக் காட்டுவார், இறக்கிக் காட்டுவார், "ஒரே காசுல ரெண்டும் ஆச்சுண்ணே" என்பார். அதில் பாதிதான் உண்மை. மூடிப் பூட்டிய ஃபிளிப்-அப் ஃபுல் ஃபேஸுக்கு எவ்வளவு நெருங்கி வரும் என்பதைத் தீர்மானிப்பது ஒரே பாகம்: தாடையை மறைக்கும் சின் பாரைக் கூட்டோடு பிடித்து வைக்கிற பூட்டு. மெத்தை, பெயின்ட், பின்னால் நீட்டிய வால் எல்லாம் கண்ணுக்கு. காசு கொடுக்க வேண்டியது அந்தப் பூட்டுக்கு.

பெரும்பாலான மாடல்களில் சின் பாரின் உள்விளிம்பில், நடுவில் ஒரு பட்டன் இருக்கும். பலவற்றில் அது சிவப்பு. அதை அழுத்தினால் உள்ளே இரண்டு பக்கமும் ஓடும் மெல்லிய கம்பி இரண்டு கொக்கிகளையும் ஒரே சமயத்தில் பின்னுக்கு இழுக்கும். கூட்டின் இரு பக்கமும் பதித்திருக்கும் முளைகளில் இருந்து கொக்கிகள் விடுபட, சின் பார் மேலே எழும்பும். இங்கேதான் நல்லதும் மட்டமும் பிரிகிறது. நல்ல ஹெல்மெட்டில் உலோகக் கொக்கி உலோக முளையைப் பிடிக்கும். மலிவானதில் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கைப் பிடிக்கும். புதிதில் இரண்டும் ஒரே மாதிரி "டக்" என்றுதான் பூட்டும். ஒரு வருடம் தூசியும் வெயிலும் தின்ற பிறகு பிளாஸ்டிக் கொக்கியின் மூக்கு மழுங்கிவிடும். அப்புறம் வேகத்தடையில் தூக்கிப் போட்டாலே தானாகத் திறந்துகொள்ளும். மொபைல் டார்ச்சை அடித்துக் கொக்கியையும் முளையையும் பார்த்தால் எது உலோகம் என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.

பார்த்தால் மட்டும் போதாது. ஒரு பத்து முறை மெதுவாக மூடித் திறக்க வேண்டும். இடப்பக்கச் சத்தமும் வலப்பக்கச் சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்க வேண்டும். அடுத்து ஒரு சின்னச் சதி: சின் பாரை நடுவில் பிடிக்காமல், வண்டியில் போகும்போது ஒற்றைக் கையால் செய்வது போல, ஒரு ஓரத்தில் மட்டும் அழுத்தி மூடிப் பாருங்கள். பல மலிவு மாடல்கள் இந்த இடத்தில் தோற்கும். அழுத்திய பக்கம் பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் முளை மேலேயே உட்கார்ந்திருக்கும். பார்க்க மூடியது போலவே இருக்கும். சின் பாரும் கூடும் சேரும் கோட்டில் இரண்டு பக்க இடைவெளியையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு பக்கம் மட்டும் பூட்டிய சின் பார், அடி விழுந்தால் பூட்டாததற்குச் சமம். கடைசியாக, ஹெல்மெட்டை இரு முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, பூட்டிய சின் பாரை இரு கையாலும் பலமாக மேலே இழுக்கவும், பக்கவாட்டில் ஆட்டவும் வேண்டும். லேசாக அசையலாம். லொட லொட என்று ஆடினாலோ கிரீச்சிட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார்தான், சுளிக்கட்டும்.

பூட்டுக்கு அடுத்து சின் பாரின் உள்பக்கம். தலையைச் சுற்றி இருப்பது போல அங்கேயும் தெர்மாகோல் இருக்கிறதா? இ.பி.எஸ். என்று பெட்டியில் போட்டிருப்பதைத்தான் கடைகளில் தெர்மாகோல் என்பார்கள். அடியை வாங்கி நசுங்கி, மண்டைக்குப் போகும் வேகத்தைக் குறைப்பது அதுதான். மேல் கூடு அடியைப் பரப்பி விடுகிறது, அவ்வளவே. ஆயிரத்துச் சொச்சத்துக்கு வரும் சில ஃபிளிப்-அப்களில் சின் பாருக்குள் வெறும் பிளாஸ்டிக்கும், அதன்மேல் ஒட்டிய துணியும் ஸ்பான்ஞ்சும்தான். விரலால் அழுத்தினால் சொத்தென்று அமுங்கிப் பிளாஸ்டிக்கில் இடித்தால் அது ஸ்பான்ஞ்சு. அழுத்தமாக, கொஞ்சம்கூட விட்டுக் கொடுக்காமல் நின்றால் தெர்மாகோல். இந்த ஒரு சோதனையிலேயே கடையில் பாதி அடுக்கு காலியாகிவிடும்.

இனி முத்திரைகள். இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 4151 என்ற எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை, முத்திரை கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது, இன்னும் செல்லுமா என்பது வந்துவிடும். சாலையோரக் குவியலில் இருக்கும் ஹெல்மெட்டை எடுத்தால் இதைச் செய்யாமல் காசை நீட்டாதீர்கள். பின்மண்டையில் பெரிதாக ஒட்டியிருக்கும் டாட் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அது அமெரிக்கத் தரம்; தயாரிப்பாளர் தானே சான்று சொல்லிக்கொள்ளும் முறை. தவிர, அந்தத் தரத்தில் சின் பாருக்கு மோதல் சோதனையே கிடையாது. ஃபிளிப்-அப் வாங்குபவருக்கு அது சொல்வது ஒன்றுமில்லை.

ஃபிளிப்-அப்புக்கு உண்மையிலேயே உதவும் முத்திரை, ஐரோப்பாவில் செல்லும் ஈ.சி.ஈ. தரம். தாடை ஸ்ட்ராப்பில் ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருக்கும். அதில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும், பக்கத்தில் நீண்ட எண் ஒன்றும் இருக்கும். நீண்ட எண் 05 என்று தொடங்கினால் பழைய 22.05 தரம், 06 என்றால் புதிய 22.06. எண்ணுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு வரும் எழுத்துதான் முக்கியம். பி (P) என்றால் சின் பார் பாதுகாப்புக்கானது என்று சோதித்திருக்கிறார்கள். என்.பி. (NP) என்றால் சின் பார் காற்றுக்கும் தூசிக்கும் மட்டும், அடிக்கு இல்லை. ஜே (J) என்றால் ஓப்பன் ஃபேஸ். பி/ஜே என்று இரண்டும் இருந்தால், பூட்டியபடியும் திறந்தபடியும் ஓட்டுவதற்குத் தேறியது. ஃபிளிப்-அப் வாங்கப் போகிறவர் மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். என்.பி. என்று கண்டால் அது ஃபிளிப்-அப் மாதிரி வேடம் போட்ட ஓப்பன் ஃபேஸ்.

22.05 சோதனையில் தலைப்பகுதி மோதும் வேகம் நொடிக்கு 7.5 மீட்டர், சின் பார் மோதும் வேகம் 5.5 மீட்டர். மணிக்கு 27 கிலோமீட்டரும் 20 கிலோமீட்டரும். "இவ்வளவுதானா, நாம 80-ல போறோமே" என்று தோன்றும். வண்டி 80-ல் போனாலும் தலை தரையில் மோதும் வேகம் பெரும்பாலும் விழும் உயரத்தில் இருந்து வருவது. சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தால்தான் நொடிக்கு 7.5 மீட்டர் கிடைக்கும். மிச்ச வேகத்தில் உடம்பு தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. நேராகப் போய் மின்கம்பத்திலோ லாரியின் பின்பக்கத்திலோ மோதினால் கணக்கு வேறு. அங்கே எந்த ஹெல்மெட்டுக்கும் எல்லை உண்டு. 22.06 தரம் நொடிக்கு 8.2 மீட்டர் என்று கூடுதல் வேகத்திலும் சோதிக்கிறது, சாய்ந்து மோதித் தலை சுழலும் அடியையும் சேர்த்துப் பார்க்கிறது.

பிரிட்டன் அரசு 2007-ல் தொடங்கிய ஷார்ப் என்ற தரவரிசையும் பார்க்கத் தகுந்தது. ஒவ்வொரு மாடலையும் 32 முறை மோத விட்டுப் பார்க்கிறார்கள். ஃபிளிப்-அப் என்றால் அந்த மோதல்களில் எத்தனை சதவீதத்தில் சின் பார் பூட்டியபடியே நின்றது என்பதையும் தனியாக வெளியிடுகிறார்கள். மாடலுக்குக் கொடுக்கும் நட்சத்திர மதிப்பெண் வேறு, இந்தச் சதவீதம் வேறு. சர்வதேச பிராண்டு வாங்குகிறவர் இரண்டையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் மட்டும் விற்கும் மாடல்கள் அந்தப் பட்டியலில் வராது, அவற்றுக்கு முழங்கால் சோதனைதான் ஷார்ப்.

இப்போது வசதி. ஃபிளிப்-அப் போட்டால் குளிர்ச்சி என்ற நம்பிக்கை ஊரில் உண்டு. மூடியிருக்கும்போது அது ஃபுல் ஃபேஸைவிடக் குளிர்ச்சி இல்லை. ஒரே விலையில் வரும் ஃபுல் ஃபேஸில் காற்றுவழிகள் பெரும்பாலும் இதைவிட நன்றாக இருக்கும், ஏனென்றால் சின் பாருக்குள் பூட்டின் கம்பிகளுக்கும் இடம் விட வேண்டியிருக்கிறது. ஃபிளிப்-அப்பின் சுகம் வண்டி நிற்கும்போதுதான். கத்திரி வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது சின் பாரைத் தூக்கினால் முகத்தில் ஈரத்துணி பட்டது போல இருக்கும். பங்க்கில் பேசலாம், டீ குடிக்கலாம், போலீஸ்காரரிடம் முகம் காட்டலாம், வழி கேட்கலாம். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இதற்கு நிகர் கிடையாது. ஃபுல் ஃபேஸில் கண்ணாடியைக் கழற்றி, ஹெல்மெட்டை மாட்டி, திரும்பக் கண்ணாடியின் கொம்பை உள்ளே நுழைக்க வேண்டும். இதில் அந்தப் பாடு இல்லை. கழுத்து வலியோ தோள் வலியோ உள்ள வயதானவர்களுக்கும் மாட்டக் கழற்ற எளிது. இன்னொரு பலன், யாரும் நினைத்துப் பார்க்க விரும்பாதது: விபத்தில் விழுந்தவரின் ஹெல்மெட்டைத் தெரியாதவர்கள் உருவி எடுக்கக் கூடாது. ஃபிளிப்-அப் என்றால் பட்டனை அழுத்திச் சின் பாரை மட்டும் தூக்கி, 108 வரும்வரை மூச்சு வழியைக் கவனிக்கலாம்.

இந்தச் சுகத்துக்கெல்லாம் கொடுக்கும் விலை எடை. நல்ல ஃபிளிப்-அப் 1,500 கிராமில் இருந்து 1,800 கிராம் வரை போகும். அதே தரத்து ஃபுல் ஃபேஸ் இருநூறு கிராமாவது குறைவாக இருக்கும். ஊருக்குள் அது தெரியாது. கப்பலூர் தாண்டி நான்கு வழிச் சாலையில் திருநெல்வேலி வரை நூற்றைம்பது கிலோமீட்டர் போனால் பின்கழுத்து சொல்லும். சத்தமும் அதிகம். சின் பார் கூட்டோடு சேரும் கோட்டில் காற்று புகுந்து, 70-க்கு மேல் விசில் அடிக்கும். அந்தக் கோடு நெடுக ரப்பர் சீல் இருக்கிறதா, விரல் ஓட்டிப் பாருங்கள். சீல் இல்லாததில் ஐப்பசி மழையில் தண்ணீர் சின் பட்டனுக்குள் இறங்கி, வாய்க்கு நேரே சொட்டும்.

உள்ளே இறங்கும் கறுப்பு சன் வைசர் பலருக்கும் பிடித்த வசதி. காலையில் கிழக்கே மேலூர் பக்கம் போகிறவருக்கும் சாயங்காலம் மேற்கே உசிலம்பட்டி, தேனிப் பக்கம் போகிறவருக்கும் அது வேண்டியதுதான். ஆனால் அது ஒளிந்துகொள்ள நெற்றிக்கு மேலே இடம் வேண்டும். அந்த இடத்தைத் தெர்மாகோலில் இருந்து வெட்டி எடுத்திருக்கிறார்களா, கூட்டைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நெற்றியில் தெர்மாகோல் மற்ற இடங்களைவிட மெலிந்து போயிருந்தால், சன் வைசர் இல்லாத மாடலை எடுத்துவிட்டு ஐந்நூறு ரூபாய்க்குக் கூலிங் கிளாஸ் வாங்கிக்கொள்வது மேல். வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கு மெயின் வைசரில் பின்லாக் பொருத்தும் வசதி முக்கியம். வைசருக்குள் பொருத்தும் இன்னொரு மெல்லிய தகடு அது. இடையில் நிற்கும் காற்று பனிமூட்டம் படியாமல் தடுக்கும். மதுரைக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு அதற்குக் காசு தேவையில்லை.

திறந்தபடி ஓட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் முக்கால்வாசி ஃபிளிப்-அப்கள் அப்படித்தான் ஓடுகின்றன. பி/ஜே முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் திறந்தபடி ஓட்டுவது, சோதிக்காத ஒரு ஹெல்மெட்டைப் போட்டு ஓட்டுவது. தூக்கிய சின் பார் நெற்றிக்கு மேலே காற்றைப் பிடித்துக் கழுத்தைப் பின்னுக்குத் தள்ளும். 50-க்கு மேல் அது நன்றாகவே தெரியும். விழுந்தால் முதலில் தரையில் தட்டுவது அதுதான். நீட்டிய கை போலத் தலையைத் திருப்பிவிடும். மேலே நிறுத்தும் லாக் இல்லாத மாடலில் பள்ளத்தில் இறங்கும்போது சின் பார் படாரென்று கண் முன்னால் விழும். அத்தோடு, பல மாடல்களில் சின் பாரோடு வைசரும் மேலே போய்விடுகிறது. இரவில் கறுப்பு சன் வைசரையும் போட முடியாது. மணல் லாரிக்குப் பின்னால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டியதுதான். பத்தில் எட்டு முறை திறந்துதான் ஓட்டுவீர்கள் என்றால், அதே காசுக்கு நீள வைசர் வைத்த நல்ல ஓப்பன் ஃபேஸ் எடையும் குறைவாக இருக்கும். தாடைக்குக் காப்பு இல்லை என்பது அதில் வெளிப்படையாகவே தெரியும். இருக்கிறது என்ற நினைப்பில் இல்லாமல் ஓட்டுவதைவிட அது தேவலை.

கடையில் கிடைப்பவற்றை விலை வாரியாகப் பார்த்தால், சுமார் 1,500 முதல் 3,000 ரூபாய் வரை ஸ்டட்ஸ் நிஞ்சா, வேகா கிரக்ஸ் போன்றவை. ஊருக்குள் அறுபதுக்குக் கீழே ஓட்டுகிறவர், மேலே சொன்ன சோதனைகளில் தேறிய ஒன்றை இதில் எடுக்கலாம். பூட்டின் ஆயுள்தான் இந்த விலையில் குறைவு. இரண்டு வருடத்தில் மாற்றுவோம் என்ற எண்ணத்தோடு வாங்க வேண்டும். 4,000 முதல் 8,000 வரை உள்ள இடம்தான் சரியான இடம். ஸ்டட்ஸ் நிறுவனத்தின் மேல்தட்டுப் பிராண்டான எஸ்.எம்.கே.-யின் கல்விங் போன்றவை இங்கே வரும். ஈ.சி.ஈ. சீட்டோடு வரும் ஃபிளிப்-அப்கள் இந்த விலையில் இருந்துதான் தொடங்குகின்றன; ஆனாலும் சீட்டைப் படித்துவிட்டே வாங்குங்கள். அதற்கு மேல், எல்.எஸ்.2 வேலியண்ட் போலச் சின் பார் 180 பாகை சுற்றிப் பின்மண்டைக்கே போய்விடும் வகை. காற்றுப் பிடிக்கும் தொல்லை அதில் வெகுவாகக் குறைகிறது, ஆனால் சுழலும் பாகங்கள் கூடுவதால் தூசிக்குப் பராமரிப்பும் கூடும். ஷோயி நியோடெக் போன்றவை அரை லட்சத்துக்கு மேல். பூட்டும் சத்தமின்மையும் வேறு உலகம்தான், அதற்கு ஈடான வண்டியும் பயணமும் இருந்தால் சரி.

அளவில் பெரும்பாலோர் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே, பின்மண்டையின் துருத்திய இடத்தைச் சுற்றி டேப்பை வைத்து அளந்து, செ.மீ. கணக்கில் கேளுங்கள். எழுத்தை நம்ப முடியாது. ஒரு கம்பெனியின் எல் 58 செ.மீ., இன்னொன்றின் எல் 59-60. கன்னம் மெத்தையில் அழுந்தி, பேசினால் உள்கன்னம் லேசாகப் பல்லில் படும் அளவுக்கு இருந்தால் சரி; மெத்தை போகப் போகக் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். பதினைந்து நிமிடம் போட்டபடி கடையில் உட்கார்ந்திருங்கள். கழற்றியதும் நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் அந்தக் கூட்டின் வடிவம் உங்கள் தலைக்குப் பொருந்தாது, சைஸ் மாற்றிப் பயனில்லை. ஸ்ட்ராப்பை இறுக்கிவிட்டு, பின்கழுத்துப் பக்கம் பிடித்து முன்னால் உருட்டித் தள்ளினால் ஹெல்மெட் கழன்று வரக்கூடாது. ஃபிளிப்-அப்பில் சின் பாரை மூடும்போது கன்னத்துத் தோலோ தாடியோ சிக்குகிறதா, மூடிய பின் தாடைக்கும் சின் பாருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். பல் பல்லாக ஏறும் பக்கிள்தான் இதில் அதிகம். நான்காவது பல்லில் இறுகும்படி ஸ்ட்ராப் நீளத்தை வைத்துக்கொண்டால், நாளடைவில் நெகிழும்போது மேலும் இரண்டு பல் மிச்சம் இருக்கும்.

வாங்கிய பின் கெடுப்பது பெரும்பாலும் நம் கைதான். பூட்டு இறுகினால் இன்ஜின் ஆயிலோ தேங்காய் எண்ணெயோ விடுகிறார்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கொக்கிக்குள் களிமண்ணாக்கும். பெட்ரோலோ தின்னரோ துணியில் தொட்டுத் துடைத்தால் பாலிகார்பனேட் கூடு கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும், தெர்மாகோல் கரையும். பழைய பல்துலக்கியால் தூசியைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பின் சிலிக்கான் ஸ்ப்ரேயை ஒரு துளி கொக்கியிலும் ரப்பர் சீலிலும் தடவுங்கள். மாதம் ஒரு முறை போதும். கல் குவாரி லாரிகள் ஓடும் ரோட்டில் தினமும் போகிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. உள்மெத்தையைக் கழற்றி ஷாம்பு தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். தலையில் எண்ணெய் வைக்கிற ஊர் நம்முடையது, மெல்லிய பருத்தித் துணியோ, தலையையும் கழுத்தையும் மூடும் பலாக்ளாவா உறையோ உள்ளே போட்டுக்கொண்டால் மெத்தை கூடுதல் காலம் வரும். வண்டியின் சைட் மிரர் கொம்பில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மாட்டுவதை விடுங்கள், தெர்மாகோலில் அது பதிக்கும் குழியை மெத்தை மறைத்துவிடும். ஐந்து வருடம் ஆனாலோ ஒரு முறை தலையோடு விழுந்தாலோ, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், அது முடிந்தது.

வாங்கும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: வைசரும் அதன் பக்கத்துத் தகடும், சின் பூட்டின் பட்டனும் தனியாகக் கிடைக்குமா, எவ்வளவு? வைசர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பூட்டுக்கு "கம்பெனிக்கு எழுதணும் சார்" என்று பதில் வந்தால், அந்த மாடலில் பூட்டு கெடும் நாளில் முழு ஹெல்மெட்டையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.